பழைய கார் எஞ்சினுக்கு பழைய ட்யூனிங் பார்ட்: ராமநாதபுரம் கடலோரத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, ஜீப்புன்னு பழைய வண்டிய இன்னும் விடாம வச்சிருக்க நம்ம பக்கத்து ஆளுங்க, தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும், திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இதெல்லாம். வெளியூர்ல சொல்ற ட்யூனிங் யோசனை பாதி இங்க செல்லாது. காத்துல உப்பு, கெணத்துத் தண்ணியில உப்பு, ஓனரு துபாய்ல இருப்பாரு வண்டி பாதி வருஷம் ஷெட்டுல நிக்கும், அதையெல்லாம் கணக்குல வச்சுத்தான் பதில் போட்டிருக்கேன்.

வின்டேஜ் ட்யூனிங் பார்ட்னா எத சொல்றீங்க?

வண்டி கம்பெனி போட்டுக் குடுத்தது போக, அந்தக் காலத்துலயே வேற ஆளுங்க அதே எஞ்சினுக்கு பவர் கூட்டுறதுக்குன்னு செஞ்சு வித்த சாமான். 1950, 60கள்ல இங்கிலாந்துல இது பெரிய தொழிலு. அலெக்சாண்டர், ஸ்பீட்வெல், டெரிங்டன்னு நிறைய பேரு இருந்தாங்க, மினிக்கு ஹெட் (சிலிண்டருக்கு மேல மூடியிருக்க பாகம்) வேலைன்னா டவுண்டன், ட்ரையம்ஃபுக்கு எஸ்ஏஎச், சூப்பர்சார்ஜருக்கு ஷாரக். இத்தாலியில ஃபியட்டுக்குன்னே அபார்த், நார்டி, சியாட்டா. அமெரிக்காவுல ஃபோர்டு வி8-க்கு எடல்ப்ராக், ஆஃபன்ஹாவ்சர், ஆனா அந்த சாமான் நம்ம பக்கம் வந்து சேர்றது அபூர்வம்.

இது போக சோழவரம் ரன்வேயில ரேஸ் நடந்துக்கிட்டு இருந்த காலத்துல மெட்ராஸ், கோயம்புத்தூர் பட்டறைங்கள்ல கைவேலையா செஞ்ச மேனிஃபோல்டு (சிலிண்டருக்கு காத்தும் புகையும் போற குழாய்க் கூட்டு), தேய்ச்சு உருவம் மாத்துன கேம் ஷாஃப்டு (வால்வத் திறந்து மூடுற தண்டு) இதெல்லாமும் இருக்கு. பேரும் இருக்காது நம்பரும் இருக்காது, ஆனா அதுவும் வின்டேஜ்தான், எனக்குக் கேட்டா சீமைச் சரக்க விட அது மேல மரியாதை ஜாஸ்தி. இப்ப புதுசா அதே அச்சுல வார்த்து வர்றதுக்கு ரீப்ரோன்னு பேரு. ரீப்ரோ வாங்குறது தப்பே இல்ல, பல எடத்துல அதுதான் நல்லது, பழசோட வெலைய மட்டும் அதுக்குக் குடுத்துறாதீங்க.

நம்ம ஊர் வண்டிக்கு சீமை பார்ட் பொருந்துமா?

அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல்னா அதிர்ஷ்டம்தான். அது பிஎம்சி-ங்கிற இங்கிலாந்து கம்பெனியோட பி-சீரிஸ் எஞ்சின், போர் (சிலிண்டரோட அகலம்) 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்குற தூரம்) 88.9 மில்லிமீட்டர், 1955-ல வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காருக்குள்ள இருந்ததும் இதே 1489தான். அதனால எம்ஜிஏ-வோட ரெட்டை எஸ்யு கார்ப்பரேட்டர் மாட்டுற இன்டேக் மேனிஃபோல்டு, எக்சாஸ்ட் மேனிஃபோல்டு, ஹெட்டு எல்லாம் யோசிக்கலாம். ஆரம்பத்துல வந்த சைடு-வால்வு அம்பாசடருக்கும் 90கள்ல வந்த இசுசு 1.8-க்கும் இதுல ஒண்ணும் சேராது, எஞ்சின பாத்துட்டு பணத்த எடுங்க.

பிரீமியர் பத்மினி, அதுக்கு முந்தின ஃபியட் 1100 எல்லாம் 1089 சிசி, போர் 68, ஸ்ட்ரோக் 75, ஹெட்டு அலுமினியம். 1953-ல இத்தாலியில 1100 டிவி-ன்னு ஒரு மாடல் வெபர் கார்ப்பரேட்டரோட வந்துச்சு, அந்த வழியில போறதுதான் ஃபியட்டுக்கு அழகு.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு மெட்ராஸ்ல 1961-ல இருந்து செஞ்சது, ட்ரையம்ஃபோட 948 சிசி. இங்கிலாந்துல இதே எஞ்சின் ஒத்தை சோலெக்ஸ் கார்ப்பரேட்டரோட 34.5 குதிரை (ஹார்ஸ்பவர்), கூப்பே மாடல்ல ரெட்டை எஸ்யு போட்டு 45 குதிரை. அப்புறம் வந்த ஸ்பிட்ஃபயரும் அதே குடும்பம்தான், பார்ட் இன்னைக்கும் கெடைக்குது.

மஹிந்திரா ஜீப்புல ஹரிக்கேன் எஞ்சின்னா இன்டேக் வால்வு ஹெட்டுல, எக்சாஸ்ட் வால்வு பிளாக்குல. அத அப்படியே விட்டுருங்க. மணல்ல இழுக்குறதுக்குப் பொறந்த எஞ்சின் அது.

எவ்வளவு குதிரை கூடும், உண்மையச் சொல்லுங்கண்ணே

ஒரே 1489 சிசி, அம்பாசடர்ல அம்பது, அம்பத்தஞ்சு குதிரை, எம்ஜிஏ-வுல மொதல்ல 68, அப்புறம் 72. அதுவும் ஹெட்டு, வால்வு, கேம், கம்ப்ரஷன், ரெட்டை கார்ப்பரேட்டர், எக்சாஸ்ட் எல்லாம் சேத்து கம்பெனிக்காரன் செஞ்சதுக்கே அவ்வளவுதான். நீங்க கார்ப்பரேட்டர மட்டும் மாத்திட்டு 80 குதிரைன்னு டீக்கடையில சொன்னா யாரும் கேக்கப் போறதில்ல, ஆனா வண்டிக்குத் தெரியும். இன்னொண்ணு, தேஞ்சு போன எஞ்சின்ல கம்ப்ரஷன், டைமிங், வால்வு கேப்ப மட்டும் ஒழுங்கு பண்ணினாலே தொலைஞ்சு போன குதிரை பாதி திரும்பி வந்துரும், அதுக்கு பார்ட்டே வாங்க வேணாம். அம்பாசடருக்கு பழைய வண்டியில நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்குதான், மொத செலவு அங்க.

காக்கா, மாமா கொழும்புல இருந்து ஒரு ஜோடி எஸ்யு கார்ப்பரேட்டர் கொண்டாந்தாக. நல்லதா கெட்டதான்னு எப்புடிப் பாக்குறது?

கீழக்கரைத் தம்பி கேட்டது, அங்க அண்ணன காக்கான்னுதான் கூப்பிடுவாக. கொழும்புல மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் இன்னும் ஓடுது, அதனால எஸ்யு அங்க கெடைக்கிறது ஆச்சரியமில்ல.

மொதல்ல மேல இருக்க கறுப்பு இல்லன்னா பித்தளை மூடியக் கழட்டி டேம்பர உருவுங்க. சேம்பருக்கும் பாடிக்கும் ஆணியால ஒரு கீறல் போட்டு எது எந்தப் பக்கம்னு அடையாளம் வச்சுக்கிட்டு சேம்பர, அதான் மேல இருக்க கூம்பு மூடிய, தூக்குங்க. உள்ள இருக்க கார்ப்பரேட்டர் பிஸ்டனும் (எஞ்சின் பிஸ்டன் வேற) சேம்பரும் ஜோடியா அளவெடுத்துச் செஞ்சது, ஒண்ணோட சேம்பர இன்னொண்ணுக்கு மாத்தவே கூடாது, எமரி பேப்பர் கிட்டயே கொண்டு போகக் கூடாது. பெட்ரோல்ல நனைச்ச துணியால தொடச்சா போதும்.

இப்ப சோதனை. ஸ்பிரிங்க எடுத்துட்டு, பிஸ்டன்ல இருக்க சின்ன ஓட்டைங்கள ரப்பர் வச்சு அடைச்சு, டேம்பர் மூடிய திருப்பிப் போட்டு, பிஸ்டன சேம்பருக்குள்ள முழுசா தள்ளி, தலைகீழா புடிச்சு சேம்பர மட்டும் கீழ விடுங்க, கீழ துணி விரிச்சுக்கங்க. ஒன்றரை இஞ்ச் எஸ்யு-ன்னா சேம்பர் முழு தூரமும் எறங்க 5-ல இருந்து 7 செகண்டு ஆகணும், ஒண்ணேகால் இஞ்ச்னா 3-ல இருந்து 5. டக்குன்னு விழுந்தா உள்ள தேஞ்சிருக்கு. ரெண்டும் ரெண்டு விதமா விழுந்தா ரெண்டு வண்டியில இருந்து கழட்டி ஜோடின்னு வித்திருக்கான்.

அடுத்து த்ராட்டில் ஷாஃப்ட்ட புடிச்சு மேல கீழ ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா அந்த வழியா காத்து உள்ள போயி ஐடில் ஒரு நாளும் நிக்காது, எத்தன தடவ ட்யூன் பண்ணினாலும் பிரயோசனமில்ல. இதுக்குத்தான் நம்ம ஊருல ஒரு வசதி இருக்கு, ராமேஸ்வரம் மண்டபம் பக்கம் விசைப்படகு ஷாஃப்ட்டுக்கு வேலை பாக்குற லேத் பட்டறைக்காரங்களுக்கு கன்மெட்டல் புஷ் அடிக்கிறது கைவந்த வேலை, ஒரு தவ்வு ரெண்டு தவ்வு (தவ்வுன்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்குல கடைஞ்சு குடுத்துருவாங்க. ஆனா இவ்வளவு சின்ன சாமான அவங்க தெனம் பாக்குறதில்ல, பாடிய சக்குல நசுக்கிறாம பக்கத்துல நின்னு வாங்கிட்டு வாங்க.

கடைசியா நீடில், அதாவது பெட்ரோல் அளவ கட்டுப்படுத்துற ஊசி. கழுத்துல சின்னதா எழுத்து அடிச்சிருக்கும், ரெண்டுலயும் ஒரே எழுத்து இருக்கணும். ஸ்பிரிங்குல பெயின்ட் கலர் இருக்கும், நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு போகப் போக அழுத்தம் கூடும், அதுவும் ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.

வெபர் டிசிஓஇ (ரெட்டைத் தொண்டை கார்ப்பரேட்டர்) போட்டா சத்தமே தனியாமே?

தனிதான். ஆனா பி-சீரிஸ் ஹெட்டுல நாலு சிலிண்டருக்கு இன்டேக் வழி ரெண்டே ரெண்டுதான், ரெண்டு சிலிண்டர் ஒரு வழியப் பங்கு போட்டுக்குது. சிலிண்டருக்கு ஒரு தொண்டைன்னு இருக்க வேண்டிய வெபரோட முழு பிரயோசனம் அங்க கெடைக்காது, எஸ்யு அந்த எஞ்சினுக்கு நல்லாவே ஒத்துப் போகும், ஒரே நீடில் எல்லா வேகத்தையும் பாத்துக்குது. வெபர்ல ஐடில் ஜெட்டு, மெயின் ஜெட்டு, ஏர் கரெக்டர், எமல்ஷன் டியூப்பு, வென்சுரின்னு ஒவ்வொண்ணையும் மாத்திப் பாத்து புடிக்கணும், கையில ஒரு டப்பா ஜெட்டும் பக்கத்துல பொறுமையான ஆளும் வேணும். அதோட வாயில ஃபில்டர் இல்லாம வெறும் ட்ரம்பெட்டு (எக்காளம் மாதிரி விரிஞ்ச குழாய்) மாட்டிக்கிட்டு தனுஷ்கோடி ரோட்டுல போனா அடிக்கிற மணலு நேரா சிலிண்டருக்குள்ள. ஃபோட்டோவுக்கு ட்ரம்பெட், ஓட்டுறதுக்கு ஃபில்டர்.

கடல் காத்துல எந்த உலோகம் தாங்கும்?

இங்க பார்ட் வாங்குறவங்க மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி, ஆனா எல்லாரும் கடைசியாத்தான் கேக்குறாங்க.

வார்ப்பு இரும்பு மேல துரு படியும், ஆனா உள்ள அவ்வளவு சீக்கிரம் போகாது, தேய்ச்சு எண்ணெய் போட்டு மீட்டுரலாம். மெல்லிசு இரும்புக் குழாய்ல செஞ்ச எக்சாஸ்ட் ஹெடர் இங்க ரொம்ப நாள் வராது, வெளிய இருந்து உப்பு, உள்ள இருந்து எஞ்சின் விடுற ஈரம், வெல்டிங் ஓரத்துல இருந்துதான் மொதல்ல ஓட்டை விழும். அலுமினியம் தனியா இருந்தா பரவாயில்ல, இரும்பு போல்ட்டோ பித்தளையோ ஒட்டியிருக்க எடத்துல உப்பு ஈரம் சேந்துச்சுன்னா அலுமினியத்தத்தான் அது திங்கும். போல்ட்டு தலையச் சுத்தி வெள்ளையா மாவு மாதிரி பூத்திருந்தா அதான் அறிகுறி. அப்படி இருக்க கார்ப்பரேட்டர்ல ஸ்க்ரூவ நேரா திருகுனீங்கன்னா காது கையோட வந்துரும், சூடு காட்டி, ஊடுருவுற எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விட்டு, அப்புறம் தட்டித் தட்டி எடுக்கணும்.

மெக்னீசியம் மட்டும் வேணவே வேணாம். பழைய ரேஸ் சாமான்ல ராக்கர் கவரு, வீலு சிலது மெக்னீசியத்துல செஞ்சது, பேர் போன மினிலைட் வீலே ஆரம்பத்துல மெக்னீசியம்தான். எடை கம்மி, பாக்க அழகு, ஆனா பெயின்ட்டுல ஒரு கீறல் விழுந்தா கடலோரத்துல அது பொடியாப் போற வேகம் நம்ப முடியாது. பாம்பன்ல ரெண்டு பக்கமும் கடல வச்சுக்கிட்டு அத மாட்டுறதுக்கு, யார்கிட்ட வாங்குனீங்களோ அந்த ஆளுக்கே திருப்பிக் குடுத்துறலாம்.

ஸ்டட்டு, நட்டு மாத்துறப்ப நூலு மேல ஆன்டி-சீஸ் தடவாம எதையும் போடாதீங்க. ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கிறப்ப படகுக்குப் போடுற தார்ப்பாய எடுத்து வண்டிய மூடுறாங்க சில பேரு, அது உள்ள இருக்க ஈரத்தையும் உப்பையும் சேத்து அடைச்சு வைக்கும். காத்து போற பருத்தித் துணிதான் சரி.

ரேடியேட்டருக்கு போர் தண்ணி ஊத்தலாமா?

ஊத்தாதீங்க. நம்ம பக்கம் போர் தண்ணி பாதி எடத்துல வாயில வைக்க முடியாது, அத எஞ்சினுக்கு ஏன் குடுக்கணும். பிளாக்குல பக்கு கட்டி நாலாவது சிலிண்டர் பக்கம் தண்ணி ஓட்டமே இருக்காது, ஃபியட் மாதிரி அலுமினியம் ஹெட்டுன்னா தண்ணி வழியச் சுத்தி அரிச்சு கேஸ்கெட் உக்காராது. பி-சீரிஸுக்கு ஹெச்ஆர்ஜி-டெரிங்டன்னு ஒரு அலுமினியம் கிராஸ்ஃப்ளோ (இன்டேக் ஒரு பக்கம், எக்சாஸ்ட் எதிர்ப்பக்கம்) ஹெட்டு இருக்கு, தேடி வாங்குற பொருளு, அதுல உப்புத் தண்ணி ஊத்துனா பாவம். ஆர்ஓ தண்ணி, இல்லன்னா புடிச்சு வச்ச மழைத் தண்ணி, கூட பாதிக்குப் பாதி கூலன்ட்.

இப்ப பெட்ரோல் பங்க்குல எல்லாம் இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தான். பழைய கார்ப்பரேட்டர் தாங்குமா?

தாங்க வைக்கலாம். மூணு விஷயம் நடக்குது.

ஒண்ணு, எத்தனால் பழைய ரப்பரக் கரைக்கும், ஊத வைக்கும். பெட்ரோல் பம்பு டயஃப்ராம், ஓஸு, எஸ்யு-வோட ஜெட்டுக் குழாய், கார்க்கு சீலு எல்லாத்தையும் எத்தனால் தாங்குற சரக்கா மாத்தணும். என்ஓஎஸ்ன்னு, அதாவது அந்தக் காலத்துலயே செஞ்சு பிரிக்காம இருந்த கிட்டுன்னு, ஆசைப்பட்டு ரப்பர் சாமான் வாங்காதீங்க, நாப்பது வருஷம் டப்பாவுல இருந்த ரப்பர் டப்பாவுலயே செத்துப் போயிருக்கும். உலோகம் பழசு வாங்குங்க, ரப்பர் புதுசு வாங்குங்க.

ரெண்டு, எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கு, அதனால அதே ஜெட்டுல எஞ்சின் லீனா, அதாவது காத்து ஜாஸ்தியா பெட்ரோல் கம்மியா ஓடும். சுத்த பெட்ரோலுக்கு காத்து 14.7 பங்குன்னா இ20-க்கு 13.5 கிட்ட வேணும், அதாவது பெட்ரோல் எட்டொம்பது சதவீதம் கூடப் போகணும். எஸ்யு-ன்னா அடியில இருக்க ஜெட் நட்ட கொஞ்சம் கீழ எறக்குனா மொத்தமா ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி) ஆகும், மேல் வேகத்துலயும் சரியா வரணும்னா நீடில் மாத்தணும். சோலெக்ஸ், வெபர்னா மெயின் ஜெட்டு ஒரு சைஸ் மேல. பிளக்கக் கழட்டிப் பாருங்க, வெள்ளை வெளேர்னு இருந்தா லீன், வறுத்த மல்லிக் கலர் இருந்தா சரி. லீனா விட்டு ஈசிஆர்ல தேவிபட்டினம் தாண்டி நேர் ரோட்டுல அழுத்துனீங்கன்னா எக்சாஸ்ட் வால்வு கருகிரும்.

மூணு, அது தண்ணிய இழுக்கும். கடலோரத்து ஈரக் காத்துல பாதி டாங்கியோட மாசக்கணக்குல நிறுத்துனா எத்தனாலும் தண்ணியும் சேந்து பிரிஞ்சு அடியில தங்கும், கார்ப்பரேட்டர் தொட்டியில துத்தநாகக் கலப்பு உலோகம் இருந்தா அரிக்கும். நிறுத்துறதா இருந்தா தொட்டிய வடிச்சிருங்க.

ஒரு நல்லதும் சொல்லணும், எத்தனாலுக்கு ஆக்டேன் ஜாஸ்தி, அதனால கம்ப்ரஷன் கூட்டுன எஞ்சின் நாக்கிங் பண்றது (பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு டக் டக்குன்னு தட்டுறது) கொறையும்.

ஹெட்டு எவ்வளவு ஸ்கிம்மிங் (அடிப்பக்கத்த செதுக்கி மட்டமாக்குறது) பண்ணலாம்? மெக்கானிக் 'கண்ணளவுல அடிச்சுரலாம்'ங்கிறாரு

கண்ணளவு வேணாம், கணக்கு ஈசிதான். 1489-அ நாலால வகுத்தா ஒரு சிலிண்டருக்கு 372 சிசி. கம்ப்ரஷன் (உள்ள வந்த காத்த எத்தன மடங்கு அமுக்குதுங்கிற கணக்கு) 7.2-ன்னா பிஸ்டன் உச்சியில நிக்கிறப்ப மேல மிச்சமிருக்க எடம் 372-அ 6.2-ஆல வகுத்தது, 60 சிசி. எம்ஜிஏ-வோட 8.3 வேணும்னா 372-அ 7.3-ஆல வகுக்கணும், 51 சிசி. ஆக ஒரு சேம்பருக்கு 9 சிசி கொறைக்கணும். இதுல கேஸ்கெட் கனத்தையும் மறக்கக் கூடாது, 73 மில்லி போருக்கு ஒரு மில்லி கனம்னாலே 4 சிசி-க்கு மேல வந்துரும்.

எவ்வளவு தடிமன் செதுக்கணும்னு கண்டுபுடிக்க ஹெட்டைத் தலைகீழா மேசையில ரசமட்டம் பாத்து வைங்க, வால்வு, பிளக்கு எல்லாம் மாட்டியிருக்கணும். மெடிக்கல்ல 50 மில்லி சிரிஞ்சு வாங்கி மண்ணெண்ணெய் எடுத்து, சேம்பர் விளிம்பு வரைக்கும் எவ்வளவு புடிக்குதுன்னு மொதல்ல அளந்துக்கங்க, நாலு சேம்பரையும். அப்புறம் காலி பண்ணிட்டு அந்த அளவுல 9 மில்லி கொறைச்சு ஊத்துங்க. இப்ப விளிம்புல இருந்து மண்ணெண்ணெய் மட்டம் எவ்வளவு கீழ இருக்கோ அத டெப்த் கேஜ்ல அளந்தா, அவ்வளவுதான் செதுக்க வேண்டியது. ரெண்டு தடவையா செதுக்கச் சொல்லி நடுவுல ஒரு தடவ திரும்ப அளக்குறது புத்திசாலித்தனம், எடுத்த இரும்பத் திரும்ப ஒட்ட முடியாதுல்ல.

ஹெட்டு எறங்குன அளவுக்கு ராக்கர் பெடஸ்டலுக்கு (வால்வ அமுக்குற ராக்கரத் தாங்குற தூணுக்கு) அடியில ஷிம், அதாவது மெல்லிசு தகடு, குடுத்து கோணத்த சரி பண்ணுங்க. ஹெட்டு கையில இருக்கப்பவே எக்சாஸ்ட் வால்வுக்கு கெட்டி சீட்டு அடிச்சிருங்க. 2000-ல இருந்து நாட்டுல ஈயம் கலந்த பெட்ரோலே கெடையாது, பழைய இரும்பு ஹெட்டுல சீட்டு உள்ள போயிக்கிட்டே இருக்கும், வால்வு கேப்பு அடிக்கடி தானா கொறையுதுன்னா அதான் காரணம்.

கேம் ஷாஃப்டு?

தெருவுல ஓட்டுற வண்டிக்கு மெதுவான கேம் போதும். நம்ம பக்கம் மேடு பள்ளமே இல்ல, தட்டை நெலம், ஆனா வண்டியில அஞ்சு பேரு, டிக்கியில சாமான்னு ஏர்வாடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போறீங்க, அதுக்கு 2000, 2500 ஆர்பிஎம்-ல இழுவை வேணும். ரேஸ் கேம் 4000-க்கு மேலதான் முழிக்கும், கீழ கிடந்து குதிக்கும். புது கேம், புது டேப்பட் போட்டா மொதல் ஸ்டார்ட்டுலயே ஐடில்ல விடாம 2000 ஆர்பிஎம்-ல இருபது நிமிஷம் ஓட விடணும், ஜிங்க் கூட இருக்க 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊத்தணும். இந்தக் கால வண்டிக்கு வர்ற மெல்லிசு ஆயில்ல ஜிங்க் கம்மி, தட்டை டேப்பட் கேம அது காப்பாத்தாது. பழைய கேம் வாங்குறப்ப முனையில நகத்தால வருடிப் பாருங்க, குழி குழியா தட்டுப்பட்டா வேணாம்.

எக்சாஸ்ட், இக்னிஷன் பத்தி சுருக்கமா?

எக்சாஸ்ட்டுக்கு பழைய வார்ப்பு இரும்பு மேனிஃபோல்டு நல்லது கெடைச்சா அதுவே போதும், பைப்பு வேணும்னா ஸ்டெயின்லெஸ்ல 304 இல்லன்னா 316 கேட்டு வாங்குங்க. பி-சீரிஸ்ல இன்டேக்கும் எக்சாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்ப்பரேட்டருக்குக் கீழ ஹீட் ஷீல்டு தகடு இல்லாம சித்திரை வெயில்ல பெட்ரோல் கொதிச்சு வண்டி நின்னுரும்.

இக்னிஷன்ல பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரோட புஷ் தேய்மானம் பாத்துட்டு, பாயின்ட் கேப் 0.35-ல இருந்து 0.40 மில்லி வச்சீங்கன்னா நல்லா ஓடும். தங்கக் கலர் லூகாஸ் ஸ்போர்ட்ஸ் காயில் பழசுல பேர் போனது, இப்ப தங்கக் கலர் பெயின்ட் அடிச்ச சாதா காயிலும் நெறைய சுத்துது. உள்ள எலக்ட்ரானிக் மாட்டுறது எனக்குச் சம்மதம், வெளிய தெரியப் போறதில்ல.

சூப்பர்சார்ஜர்?

ஷாரக், ஜட்சன் ரெண்டும் வேன் (உள்ள தகடு சுத்தி காத்த அழுத்துற) டைப்பு. ஜட்சனுக்கு சொட்டுச் சொட்டா எண்ணெய் விட தனி டப்பாவே உண்டு. ஷோகேஸ்ல வைங்க.

டீசல் அம்பாசடருக்கு ஏதாச்சும்?

இல்ல தம்பி. நாசில் சர்வீஸ் பண்ணிட்டு நிம்மதியா ஓட்டுங்க.

பார்ட் மாத்துனா ஆர்டிஓ-வுல பிரச்சினை வருமா?

வின்டேஜ் பதிவு போடுற எண்ணம் இருந்தா கட்டாயம் யோசிக்கணும். 2021 ஜூலையில வந்த மத்திய அரசு விதிப்படி மொதப் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின வண்டிக்கு, அசல் உருவத்துல இருந்தா, வின்டேஜ் பதிவு கெடைக்கும். சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, 10 வருஷத்துக்குச் செல்லும், திரும்பப் பதியறதுக்கு 5,000, நம்பர்ல விஏ-ன்னு எழுத்து வரும். ஆனா அந்த வண்டிய தெனமும் மீன் வாங்க மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு இந்த மாதிரிக்குத்தான்.

சாதாரண டிஎன் 65 நம்பர்ல ஓட்டுறவங்களுக்கு எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ஆர்சி-யோட ஒத்துப் போறதுதான் மொத விஷயம், பிளாக்க மாத்திட்டு சொல்லாம இருந்தா எஃப்சி-யில மாட்டும். புகை டெஸ்ட்டும் இருக்கு, ரிச்சா வச்ச ரெட்டை எஸ்யு-வோட போனா ஃபெயில்தான், ஐடில ஒழுங்கா வச்சுட்டு எஞ்சின் நல்லா சூடானப்புறம் போங்க. கழட்டுன அசல் சோலெக்ஸ், அசல் மேனிஃபோல்டு எதையும் காயலான் கடையில போட்றாதீங்க, கிரீஸ் தடவி துணியில சுத்தி பேர் எழுதி வைங்க. நாளைக்கு வின்டேஜ் பதிவுக்கோ விக்கிறதுக்கோ அதுதான் காசு.

எங்க வாங்குறது, ஏமாறாம எப்படி?

மெட்ராஸ் புதுப்பேட்டையில காலையில போய் பொறுமையா தேடுங்க. அம்பாசடர் சாமானுக்கு கல்கத்தா மல்லிக் பஜார். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கஸ்டம்ஸ் டூட்டியும் சேத்துக் கணக்குப் போடுங்க, பார்ட் வெலைய மட்டும் பாத்துட்டு சந்தோஷப்படாதீங்க.

விக்கிறவன் ஃபோட்டோ அனுப்புனா பளபளன்னு இருக்க பக்கத்த விட்டுட்டு நம்பர் இருக்க பக்கம், போல்ட்டு ஓட்டை, த்ராட்டில் ஷாஃப்டு முனை இந்த மூணையும் கிட்டத்துல எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வெபர்ல மாடல் நம்பர் பாடியில அடிச்சிருக்கும், எழுத்து ஆழம் ஒழுங்கில்லாம மழுங்கி இருந்தா சந்தேகப்படுங்க. மணல் அடிச்சு புதுசு மாதிரி பண்ணின கார்ப்பரேட்டர் வேணவே வேணாம், உள் வழியில ஒரு மணல் மாட்டுனா ஜென்மத்துக்கும் வராது.

நூலு விஷயமும் பாருங்க. இங்கிலீஷ் சாமான்ல இஞ்ச் நூலு, அதுலயும் எஞ்சின்ல பெரும்பாலும் யுஎன்எஃப், எஸ்யு உள்ள பிஏ, பிஎஸ்எஃப் வரும், இத்தாலி சாமான்ல மெட்ரிக். கையால ரெண்டு சுத்து போகுதேன்னு ஸ்பேனர் போட்டு இறுக்குனா அலுமினியத்துல இருக்க நூலு மொத்தமா உரிஞ்சு வந்துரும்.

ஆறு மாசம் சவுதி போறேன் மாமா, வண்டிய எப்படி விட்டுட்டுப் போறது?

கார்ப்பரேட்டர் தொட்டிய வடிச்சிருங்க, டாங்கிய விளிம்பு வரைக்கும் நெரப்புங்க இல்லன்னா முழுசா காலி பண்ணுங்க, பாதியில மட்டும் விடாதீங்க. பழைய ஆயில எறக்கி புதுசு ஊத்தி கொஞ்ச நேரம் ஓட விடுங்க. பிளக்கக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கையால நாலஞ்சு சுத்து சுத்தி, பிளக்க மாட்டுங்க. எஸ்யு சேம்பர் வெளிப்பக்கம், லிங்கேஜ், ஸ்டட்டு முனை எல்லாத்துலயும் மெல்லிசா கிரீஸ் தடவுங்க. பேட்டரிய கழட்டி வீட்டுக்குள்ள வைங்க.

வீட்டுல தம்பி இருக்கான், வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட்டுவான்னு சொல்றது நிறைய பேரு. அஞ்சு நிமிஷம் ஓட்டுனா சைலன்சருக்குள்ள தண்ணிதான் சேரும், காயறதுக்குள்ள ஆஃப் பண்ணிருவான். ஓட்டுனா எஞ்சின் முழுசா சூடாகி அரை மணி நேரம் ரோட்டுல ஓடணும், மண்டபம் வரைக்கும் போயிட்டு வரட்டும், அது முடியலன்னா தொடவே வேணாம்.

கார்ப்பரேட்டர் வாயையும் எக்சாஸ்ட் பைப்பு வாயையும் ஆயில் நனைச்ச துணியால அடைச்சிருங்க, அடைச்சத ஒரு சீட்டுல எழுதி ஸ்டீரிங்ல கட்டிட்டு ஃபிளைட்டு ஏறுங்க.